அற்புதமும் பரிவும்



தொடக்கக் கிறித்தவ நூல்களில் அற்புதம், நம்பிக்கை, பரிவு ஆகிய மூன்றும் எவ்வாறு இணைந்து நிற்கின்றன என்பது பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்துள்ளேன். நான் சமய போதகன் அல்லேன். 35 ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன். ஆகவே, ஒரு நூலை மாணாக்கர் முன் விரித்து வைத்து, அதில் எழுதியிருப்பது யாது, எழுதாதது யாது என்று சுட்டிக் காட்டும் அளவிலேயே என் பேச்சு நிற்கும்.

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பணியேற்ற சில ஆண்டுகளில் என் வகுப்பிலிருந்த ஒரு மாணவனின் தங்கை காய்ச்சலுற்று இறந்துபோனாள். ஏழெட்டு வயதுக் குழந்தை. மருத்துவம் பார்த்தனர், வேண்டுதலும் செய்தனர். இரண்டும் பயன் தரவில்லை. பத்து நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த அச்சிறுவன், பாடம் முடிந்தபின் என்னிடம் வந்து நின்றான். "ஐயா, நம்பினால் பிழைப்பார்கள் என்று எழுதியிருக்கிறதாமே. அம்மாவின் நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் தங்கை போய்விட்டாள் என்று வீட்டுக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிலிருந்து சாப்பிடவில்லை. அப்படியா எழுதியிருக்கிறது?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "நன்றாகப் படி, எல்லாம் சரியாகும்" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று சொல்லத் தெரியாத விடையையே இன்று சொல்ல முயல்கிறேன்.

முதலில் நூல்களின் காலத்தை நோக்குவோம். புதிய ஏற்பாட்டு நூல்களுள் மிகப் பழையன பவுலடிகளின் மடல்கள். அவற்றுள் முதன்மையானவை கி.பி. 50 முதல் 60 வரையிலான ஆண்டுகளில் எழுதப்பட்டன. நற்செய்தி நூல்கள் நான்கனுள் மாற்கு எழுதியதே முந்தியது என்றும், அது கி.பி. 70ஐ ஒட்டித் தோன்றியது என்றும் அறிஞர் பலர் கருதுவர். மத்தேயு, லூக்கா, யோவான் ஆகிய மூன்றும் அதன் பின்னர் எழுந்தவை. எல்லாம் கிரேக்க மொழியில் அமைந்தவை. அவை நம் மொழிக்கு வந்த வரலாறும் நாம் அறிந்ததே. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு செய்த மொழிபெயர்ப்பு 1714இல் அச்சேறத் தொடங்கி, 1715இல் புதிய ஏற்பாடு முழுமையும் தமிழில் வெளிவந்தது.

அற்புதங்கள் இந்நூல்களுக்கு மட்டுமே உரியவை என்று எண்ணுதல் பிழையாகும். கிரேக்க நாட்டில் எப்பிதௌரஸ் என்னும் ஊரில் அஸ்கிலேப்பியஸ் என்ற மருத்துவத் தெய்வத்தின் கோயில் இருந்தது. அங்கு நோய் நீங்கப்பெற்றோரின் வரலாறுகளைக் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கல்லில் பொறித்து வைத்தனர். ஒரு கண்ணில் பார்வையில்லாத ஏதென்சு நகரப் பெண்ணொருத்தி, இக்கதைகளைக் கேட்டு நகைத்தாளாம். தெய்வம் அவளுக்குக் கண் கொடுத்து, அவளது அறியாமைக்கு அடையாளமாக ஒரு வெள்ளிப் பன்றியைக் காணிக்கை வைக்கச் சொல்லியதாம். இங்ஙனம் நோய் நீக்கும் கதைகள் அக்காலத்து மக்களுக்குப் பழக்கமானவையே. ஆகவே, 'அற்புதம் நிகழ்ந்தது' என்று சொல்வதோடு நற்செய்தியாளரின் நோக்கம் முடிந்துவிடவில்லை. எதற்காக, யாருக்காக, எந்த மனநிலையோடு நிகழ்ந்தது என்பதையே அவர்கள் ஊன்றிச் சொல்கின்றனர்.

அவர்கள் ஆளும் சொற்களே இதற்குச் சான்று. கிரேக்க மொழியில் வியப்புக்குரிய செயலைக் குறிக்கத் 'தெராஸ்' என்றொரு சொல் உண்டு. கண்டோர் வாய் பிளந்து நிற்கும் விந்தை என்பது அதன் பொருள். புதிய ஏற்பாட்டில் அச்சொல் ஓரிடத்திலும் தனித்து வருவதில்லை. 'அடையாளம்' என்ற சொல்லோடு சேர்ந்தே வருகின்றது. முதல் மூன்று நற்செய்திகளும் இயேசுவின் செயல்களைத் 'துனமிஸ்', அதாவது ஆற்றல், என்கின்றன. யோவான் 'சேமேயோன்', அதாவது அடையாளம், என்கிறார். விந்தை கண்ணை நிறைப்பதோடு நின்றுவிடும். அடையாளமோ தனக்கு அப்பாலுள்ள ஒன்றைச் சுட்டும். வழிகாட்டிக் கல்லைப் பார்த்துக்கொண்டே நிற்பவன் ஊர் போய்ச் சேரான் அன்றோ?

இனி, அந்த அடையாளம் சுட்டும் பொருள் யாது? இதற்கு விடை கூறும் கிரேக்க வினைச்சொல் ஒன்று உண்டு. 'ஸ்பிளாங்க்னிஸொமாய்' என்பது அது. ஒலிக்கக் கடினமான சொல்தான். ஆனால் பொருள் நமக்கு அயலானதன்று. 'ஸ்பிளாங்க்னா' என்றால் நெஞ்சும் ஈரலும் குடலுமாகிய உள்ளுறுப்புகளின் தொகுதி. நாம் ஈரற்குலை என்கிறோமே, அதுவே. பிறர் துன்பம் கண்டு அந்தக் குலை பதறுவதே அவ்வினையின் பொருள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம் தாய்மார் சொல்வதில்லையா? தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'மனதுருகி' என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'பரிவு' என்றும் பெயர்க்கின்றன.

இவ்வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் வருகின்றது. மத்தேயுவில் ஐந்து, மாற்குவில் நான்கு, லூக்காவில் மூன்று. இவற்றுள் மூன்று இடங்கள் உவமைக் கதைகளுக்கு உரியவை: கடன்பட்டவனை மன்னித்த அரசன், வழிப்பறிக்கு ஆளானவனைத் தூக்கி எடுத்த சமாரியன், வீடு திரும்பிய மகனை எதிர்கொண்டு ஓடிய தந்தை. ஏனைய ஒன்பது இடங்களும் இயேசுவைப் பற்றியவை. தொழுநோயாளியைத் தொடும்போதும், குருடர் கண்களைத் தொடும்போதும், மேய்ப்பனில்லாத ஆடுகள்போன்ற மக்கட் கூட்டத்தைக் காணும்போதும், மூன்று நாள் உணவின்றித் தம்மோடிருந்த மக்களை நினைக்கும்போதும் இச்சொல்லே ஆளப்படுகின்றது. பரிவு முன்னே செல்ல, ஆற்றல் பின்னே வருகின்றது. இவ்வரிசையை நேயர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பாலை நிலத்தில் 40 நாள் உண்ணாதிருந்த இயேசுவிடம், கல்லை அப்பமாக்கிக்கொள் என்றும், கோயிலின் உச்சியிலிருந்து குதித்துக் காட்டு என்றும் சோதிப்பவன் கூறியதாக மத்தேயுவும் லூக்காவும் எழுதுகின்றனர். இரண்டையும் அவர் மறுத்துவிட்டார். சிலுவையில் தொங்கியபோது, இறங்கி வந்தால் நம்புகிறோம் என்று எள்ளினர், அவர் இறங்கவில்லை. தம் பசிக்குக் கல்லை அப்பமாக்காதவர், பிறர் பசிக்கு அப்பத்தைப் பெருக்கினார் என்பதே நூல் காட்டும் முரண். தன் பொருட்டு ஆற்றலைப் பயன்படுத்தாமையும், பிறர் பொருட்டு அதனை மறுக்காமையுமே இந்நூல்கள் வரைந்து காட்டும் ஒழுகலாறு.

இப்பொழுது நம்பிக்கைக்கு வருவோம். இதற்கு மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

கலிலேயக் கடல் என்று பெயர் பெற்றிருப்பினும் அது ஒரு நன்னீர் ஏரி. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கரையில் இயேசு நிற்கையில், தொழுகைக்கூடத் தலைவர்களுள் ஒருவராகிய யவீரு என்பவர் வந்து காலில் விழுகிறார். மகள் சாகுந்தறுவாயில் இருக்கிறாள். வந்து கை வைக்க வேண்டுமென்று மன்றாடுகிறார். இயேசு புறப்படுகிறார். கூட்டம் நெருக்குகிறது. அக்கூட்டத்தில் 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வருந்தும் பெண்ணொருத்தி வருகிறாள். மருத்துவர் பலரிடம் கைப்பொருள் அனைத்தையும் செலவிட்டும் நோய் மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. லேவியராகமத்தின் 15ஆம் அதிகாரத்தின்படி, இந்நிலையிலுள்ள பெண் படுத்த படுக்கையையும் அமர்ந்த இருக்கையையும் தொடுவோர் மாலைவரை தீட்டுடையோர் ஆவர். 12 ஆண்டுகள் இப்படி வாழ்ந்தவள் என்றால் அவளது தனிமையை நாம் எண்ணிப் பார்க்கலாம். அவள் யாரும் அறியாமல் பின்புறமாக வந்து ஆடையைத் தொடுகிறாள், நோய் நீங்குகிறது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் இயேசு நின்று, தம் ஆடையைத் தொட்டவர் யார் என்று கேட்கிறார். நெருக்கும் கூட்டத்தில் இதென்ன கேள்வி என்று சீடர்கள் வியக்கின்றனர். அவரோ சுற்றிலும் நோக்கிக்கொண்டே நிற்கிறார். நடுங்கியபடி வந்த அப்பெண் நடந்ததையெல்லாம் சொல்கிறாள். அவளை அவர் 'மகளே' என்று விளிக்கிறார். நற்செய்தி நூல்களில் இயேசு ஒரு பெண்ணைத் தனியே நோக்கி இவ்வாறு விளிப்பது இந்நிகழ்ச்சியில் மட்டுமே. அவளுடைய நம்பிக்கையே அவளைக் குணமாக்கியது என்றும் கூறுகிறார். இங்கு வரும் கிரேக்க வினையாகிய 'சோஸோ' என்பதற்குக் குணமாக்குதல், மீட்டல் என்னும் இரு பொருளும் உண்டு. உடல் முன்னமே குணமாகிவிட்டது. ஒளிந்து வந்தவளை ஊரறிய மகளென்று ஏற்றுக்கொண்டதால் அவளது வாழ்வும் மீட்கப்பட்டது.

இவ்வளவு நேரமும் யவீரு அருகில் நிற்கிறார் என்பதை மறத்தலாகாது. மகள் உயிர் ஊசலாடுகிறது. இங்கே பேச்சு நீளுகிறது. பெற்றோராயிருப்பவர் எவரும் அவர் மனநிலையை உணர்வர். அப்பொழுதே வீட்டிலிருந்து ஆள் வந்து, மகள் இறந்துவிட்டாள், இனிப் போதகரைத் தொந்தரவு செய்வானேன் என்கிறான். அஞ்ச வேண்டாம், நம்பிக்கை ஒன்றே போதுமென்று இயேசு யவீருவுக்குத் தைரியம் கூறுகிறார். யவீரு நம்பினாரா? மாற்கு அதனை எழுதவில்லை. அவர்கள் வீட்டை அடைந்தனர் என்று மட்டுமே எழுதுகிறார். அந்தத் தந்தையால் அப்போது செய்யக்கூடியது உடன் நடப்பது ஒன்றுதான். அதை அவர் செய்தார். கிரேக்கத்தில் நம்பிக்கையைக் குறிக்கும் 'பிஸ்திஸ்' என்னும் சொல்லுக்குப் பற்றுறுதி என்ற பொருளும் உண்டு. ஐயமே இல்லாத மனம் என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டுவதில்லை. கைவிடாமல் உடன் நடப்பதும் நம்பிக்கையே.

அந்தப் பெண்ணுக்கு வயது 12. அவள் கையைப் பிடித்து இயேசு எழுப்புகிறார். அப்போது அவர் சொன்ன சொற்களை மாற்கு கிரேக்கமாக்கி விடாமல், அவர்கள் வீட்டில் பேசிய அரமேய மொழியிலேயே காத்து வைத்து, பின்னர் பொருளும் தருகிறார். எல்லாரும் திகைத்து நிற்கையில், குழந்தைக்கு உண்ண ஏதேனும் கொடுங்கள் என்கிறார் இயேசு. விந்தையைக் கண்டவர்கள் பசியை மறந்துவிட்டனர், பரிவுடையவர் மறக்கவில்லை. இந்நிகழ்ச்சிகளை மத்தேயு 9 வசனங்களில் சுருக்கிச் சொல்கிறார். 23 வசனங்களில் விரித்துரைக்கும் மாற்கிடமே நாம் இந்நுட்பங்களைக் காண்கிறோம்.

இனி, அச்சிறுவனின் வினாவுக்கு வருகிறேன். நம்பிக்கை என்பது நலம் வாங்குவதற்குரிய விலையா? விலை குறைந்தால் பொருள் கிடையாதா? நூலையே கேட்போம்.

யவீருவின் மகள் இறந்து கிடந்தாள். அவளிடம் எந்த நம்பிக்கையும் கேட்கப்படவில்லை. நாயீன் ஊர்க் கைம்பெண் தன் ஒரே மகனின் பாடைக்குப் பின்னே அழுது வந்தாள். அவள் எதையும் வேண்டவில்லை. அவளிடம் எதையும் வினவவுமில்லை. இயேசு பரிவுகொண்டார் என்பதே லூக்கா கூறும் காரணம். எருசலேமில் 38 ஆண்டுகள் நோயுற்றுக் குளத்தருகே கிடந்தவன், தன்னைக் குணமாக்கியவர் யாரென்றே அறியான் என்கிறார் யோவான். திமிர்வாதக்காரன் ஒருவனைக் கூரையைப் பிரித்து நால்வர் இறக்கியபோது, தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையும் கணக்கில் கொள்ளப்பட்டது. தம்மைப் பிடிக்க வந்த கூட்டத்தில் காது வெட்டுண்ட ஊழியனை இயேசு தொட்டுக் குணப்படுத்தினார். அவன் பகைவர் பக்கத்தவன். வலிப்பு நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தந்தையோ, தனக்கு நம்பிக்கை உண்டென்றும், தன் நம்பிக்கையின்மைக்கு உதவ வேண்டுமென்றும் ஒரே மூச்சில் கதறினான். பாதி நம்பிக்கைதான், ஆயினும் மகன் குணமடைந்தான்.

அந்த நிகழ்ச்சியிலேயே ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சீடர்கள் அச்சிறுவனைக் குணமாக்க முயன்று தோற்றிருந்தனர். தங்களால் ஏன் இயலவில்லை என்று அவர்கள் தனித்துக் கேட்டபோது, அவர்களுடைய நம்பிக்கைக் குறைவையே இயேசு காரணமாகக் கூறினார் என்கிறார் மத்தேயு. நேயர்களே, குறை யார்மேல் சுமத்தப்படுகிறது? குணமாக்க வந்தவர்மேல். நோயுற்ற பிள்ளைமேலும் அன்று, அழுத தந்தைமேலும் அன்று.

நாசரேத்தூரில் நம்பிக்கையின்மையால் பெரிய செயல் எதையும் அவரால் செய்ய இயலவில்லை என்று மாற்கு எழுதியுள்ளாரே எனச் சிலர் வினவக்கூடும். ஆம், எழுதியுள்ளார். ஆனால் அங்குள்ளோர் யார்? இவன் நம்மூர்த் தச்சனல்லனோ என்று இகழ்ந்து விலகியவர்கள். அங்கும் நோயாளிகள் சிலரை அவர் குணமாக்கினார் என்று அதே வசனம் கூறுகின்றது. அழுது வந்து நின்ற ஒருவரை, உனக்கு நம்பிக்கை போதாது என்று கூறி நோயோடு திருப்பி அனுப்பியதாக நான்கு நற்செய்திகளிலும் ஓரிடமும் இல்லை.

துன்பம் வந்தவர்மேல் பழி சுமத்தும் வழக்கம் அக்காலத்திலும் இருந்தது. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று கேட்டனர். இருவருமல்லர் என்பதே விடை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மடிந்ததைக் குறிப்பிட்டு, அவர்கள் மற்றவரைவிடத் தீயவரல்லர் என்று இயேசு கூறியதை லூக்கா பதிவு செய்துள்ளார்.

நிறைவேறாத வேண்டுதல்களையும் இந்நூல்கள் மறைக்கவில்லை. பவுலடிகள் தம் உடலில் தைத்த ஒரு முள்ளைப் பற்றி எழுதுகிறார். அது நீங்குமாறு மூன்று முறை வேண்டினார், அது நீங்கவில்லை. கெத்செமனே தோட்டத்தில், துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலுமாறு இயேசுவே வேண்டினார், அது அகலவில்லை. பவுலுக்கு நம்பிக்கை போதவில்லை என்று எவரேனும் கூறுவரோ? அங்ஙனமாயின், குழந்தையை இழந்த ஓர் ஏழைத் தாயிடம் அதனைக் கூற யாருக்கு உரிமை உண்டு?

இறுதியாக ஒன்று. மத்தேயுவின் ஏழாம் அதிகாரத்தில், பெயர் சொல்லிப் பல அற்புதங்கள் செய்தோம் என்று வருவோர் சிலர் புறக்கணிக்கப்படுகின்றனர். 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் அளவுகோல் சொல்லப்படுகிறது. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்கு நீர், அயலானுக்கு இடம், ஆடையற்றவனுக்கு ஆடை என்று பட்டியல் செல்கிறது. நோயுற்றவனைப் பற்றி வருமிடத்தில் அவனைக் குணமாக்கினீர்களா என்ற கேள்வி இல்லை. சென்று பார்த்தீர்களா என்பதே கேள்வி. சிறையிலுள்ளவனை விடுவித்தீர்களா என்ற கேள்வி இல்லை. அவனிடம் வந்தீர்களா என்பதே கேள்வி. அப்பட்டியலில் அற்புதம் ஒன்றுமில்லை. நம்மால் இயலாதது எதுவும் அதில் இல்லை.

எருசலேமில் தோன்றிய முதற் சபையினர் இதனை உணர்ந்திருந்தனர். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் விடுபடுகின்றனர் என்ற முறையீடு எழுந்தபோது, அதனைச் சீர்செய்ய எழுவரைத் தேர்ந்தெடுத்தனர் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். பின்னர், நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகருக்கு வெளியே, நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்குமாகப் பெரியதோர் இல்லத்தைப் பேராயர் பசிலியார் அமைத்தார். தொழுநோயாளரும் அங்கே பேணப்பட்டனர். தொட்டவுடன் குணமாக்கும் ஆற்றல் அங்கே பணியாற்றியவர்களுக்கு இருந்ததில்லை. அவர்கள் புண்ணைக் கழுவினர், கஞ்சி ஊட்டினர். ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பரிவோ எவர்க்கும் இயலும்.

இவ்வற்புதங்கள் எழுதியவாறே நிகழ்ந்தனவா என்று வரலாற்றாசிரியர் வினவுவர். அவ்வினா அவர்களுக்கு உரியது. நம்புவோரும் நம்பாதோரும் தத்தம் விடையைக் கொள்வர். ஆனால் நூல் என்ன சொல்கிறது என்பதில் ஐயமில்லை. அது துன்புற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவர்களிடம் நாம் சென்றோமா என்றே கேட்கிறது.

இவ்வாறு பார்த்தால், அன்று நான் அச்சிறுவனுக்கு இழைத்த குறை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. விடை தெரியாதது பெரும் பிழையன்று. அவன் வீடு பள்ளியிலிருந்து அரைக் கல் தொலைவுதான். நான் அன்று மாலையே சென்று, அப்படி எழுதியிருக்கவில்லை அம்மா என்று ஒரு சொல் சொல்லி, ஒரு வாய் சோறு உண்ணச் செய்திருக்கலாம். நான் செல்லவில்லை. பின்னர் தலைமையாசிரியனானபோது ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். மாணவன் வீட்டில் சாவு நேர்ந்தால், வகுப்பாசிரியர் மூன்று நாளுக்குள் அவ்வீட்டுக்குச் சென்று வர வேண்டும். அறிவுரை எதுவும் கூற வேண்டுவதில்லை, அமர்ந்திருந்துவிட்டு வந்தால் போதும். நான் ஓய்வு பெறும்வரை அவ்வழக்கம் நடந்தது.

நேயர்களே, உங்கள் தெருவிலும் இவ்வாரம் ஒரு வீட்டில் துயரம் நேர்ந்திருக்கலாம். அங்கே செல்லுங்கள். காரணம் கூறாதீர்கள். அவ்வீட்டுக் குழந்தைக்கு உண்ண ஏதேனும் கொடுத்தார்களா என்று பாருங்கள்.